கிரேட்ஃபுல் டெட் லைவ் பதிவுகள்: ஒரே பாட்டை எதுக்கு இருபது தடவை கேக்கணும்?

பார்வதிபுரத்தான்

நாகர்கோவில்ல இருந்து கேக்கேன். கிரேட்ஃபுல் டெட்ங்கிற அமெரிக்க ராக் குழுவோட கச்சேரிப் பதிவுகள் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய கைக்கு வந்திருக்கு, அறுபதுக்கு மேல. ஸ்டுடியோ ஆல்பம் ரெண்டு கேட்டாச்சு. நல்லாத்தான் இருக்கு, ஆனா ஊரே பைத்தியமா அலையுறதுக்கு அதுல ஒண்ணும் தெரியல. லைவ்லதான் விஷயம்னு சொல்றாங்க. எதைத் திறந்தாலும் அதே பாட்டு, இருபது நிமிஷம். ஒரே தேதிக்கு நாலு ஃபோல்டர். பேர்ல எஸ்பிடி, ஏயூடி, மேட்ரிக்ஸ்னு போட்டிருக்கு. எதை வைக்க, எதை அழிக்க? பாட்டுக்குப் பாட்டு நடுவுல 'டொக்'னு ஒரு வெட்டு வேற விழுது. இன்னொண்ணு: ஆடி மாசக் கோயில் கொடைக்கு எங்க ஊர்ல வில்லுப்பாட்டு உண்டு. அதை இதே முறையில பதிவு செய்ய முடியுமா?

கோட்டாறு ஸ்பூல்

ஒண்ணையும் அழிக்காதீங்க, இப்போதைக்கு.

'டார்க் ஸ்டார்' 1968-ல் சிங்கிளாக வந்தபோது மூணு நிமிஷம்கூட இல்லை. 1969-ல் வந்த 'லைவ்/டெட்' தொகுப்பில் அது 23 நிமிஷம். 1972 ஆகஸ்ட் 27, ஓரிகன் மாநிலம் வெனீட்டாவில் அரை மணிக்கு மேல. சாகித்யம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அன்னைக்கு ராத்திரி பிறந்தது. நேத்துதான் கல்யாணி கேட்டோமேன்னு இன்னைக்கு யாராவது கச்சேரிக்குப் போகாம இருப்பாங்களா? 1965 முதல் 1995 வரை சுமார் 2,300 கச்சேரி வாசிச்சிருக்காங்க. பாட்டு வரிசையும் நாளுக்கு நாள் மாறும்.

முழுக் கச்சேரியா கேக்க ஆரம்பிச்சா மூணாவது நாள் சலிச்சிரும். ஒரு பாட்டை எடுங்க, மூணு வெவ்வேறு வருஷத்துப் பதிவுல கேளுங்க. என் சிபாரிசு 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்'. 1974-ல் அது தனிப் பாட்டு. 1977-லிருந்து 'ஃபயர் ஆன் த மவுண்டன்' பாட்டோட நிறுத்தாம ஒட்டி வாசிக்க ஆரம்பிச்சாங்க. அந்த வருஷம் மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்து பார்ட்டன் ஹால் பதிவைப் போடுங்க. ரெண்டும் சேர்ந்து 25 நிமிஷத்தைத் தாண்டும். ஹெட்ஃபோன் மாட்டி, முதல் தடவை ஃபில் லெஷோட பேஸ் கிட்டாரை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போங்க. ஆதார சுருதியில உக்காராம மேல கீழ அலையும். ரெண்டு பாட்டுக்கும் ஆதாரம் 'பி'தான், 'ஃபயர்'ல கார்டே (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக்கூட்டு) பெரும்பாலும் பி, ஏ ரெண்டுதான். அதனால எங்க முதல் பாட்டு முடிஞ்சு அடுத்தது தொடங்குதுன்னு விரல் வச்சுக் காட்ட முடியாது. ரெண்டாவது தடவை ஜெர்ரி கார்சியாவோட கிட்டாருக்குப் போங்க. அப்புறம் 1980களில் ஒரு பதிவு. அதுல கீபோர்டு பிரென்ட் மிட்லண்ட்; பாட்டோட நிறமே வேற.

தாளத்தையும் கவனிங்க. 1971 பிப்ரவரியில ரெண்டாவது டிரம்மர் மிக்கி ஹார்ட் விலகினதுலேர்ந்து 1974 அக்டோபர் வரைக்கும் டிரம்ஸ் பில் கிராய்ட்ஸ்மன் ஒருத்தர்தான். ஒத்தைத் தவில் மாதிரி. நினைச்ச இடத்துல திரும்பும், 1972-74 பதிவுகள் மெலிசா பறக்கறது அதனாலதான். பிறகு ரெட்டைத் தவில். கனம் வந்திரும், சட்டுன்னு திருப்ப முடியாது. எது உயர்த்தின்னு சண்டை போடுறவங்க இருக்காங்க. என் ஓட்டு ஒத்தைத் தவிலுக்கு.

1978-க்கு அப்புறம் ரெண்டாவது பாதியில 'டிரம்ஸ்', 'ஸ்பேஸ்'னு வரும். முதலாவது தனி ஆவர்த்தனம்னு வச்சுக்கலாம். ரெண்டாவது தாளக்கட்டு இல்லாத ஒலி விளையாட்டு; இப்போதைக்குத் தாண்டிருங்க, பாவம் இல்லை.

குளச்சல் உப்புக்காத்து

ஃபோல்டர் விஷயத்துக்கு வாரேன். எஸ்பிடி என்றால் சவுண்ட்போர்டு: மிக்ஸரிலிருந்து நேராக எடுத்தது. ஏயூடி என்றால் ஆடியன்ஸ்: கூட்டத்தில் மைக் நாட்டி எடுத்தது. மேட்ரிக்ஸ் இரண்டையும் கலந்தது. எஃப்எம் என்றிருந்தால் வானொலி ஒலிபரப்பிலிருந்து பிடித்தது.

சவுண்ட்போர்டு என்றாலே உசத்தி என்று நினைக்க வேண்டாம். மிக்ஸர் அரங்கத்துக்கு வேண்டியதை மட்டும்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும். சின்ன அரங்கில் கிட்டார் ஆம்பிளிஃபயரே காதைப் பிளக்கும்போது அதை மிக்ஸரில் குறைத்து வைத்திருப்பார்கள். அந்தப் பதிவில் பாட்டு முன்னால் நிற்கும், கிட்டார் பக்கத்து வீட்டில் கேட்கும். குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் எடுத்த பதிவுகள் ஏன் தனியாகப் பேசப்படுகின்றன என்றால், அவர் பதிவுக்கென்றே தனிக் கலவை வைத்தார். 1977 மே பதிவுகளின் தெளிவு அப்படி வந்தது. கார்னெல் பதிவும் அவருடையதே. 2017-ல் அதிகாரபூர்வமாக வெளியானது.

ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கும், அதைத் திறந்து வம்சாவளியைப் படியுங்கள். மூல டேப்பிலிருந்து நேராக டிஜிட்டலுக்குப் போனதா, இடையில் எத்தனை கேசட் மாறியது என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு கேசட் நகலிலும் இரைச்சல் ஏறும். மூன்றாவது தலைமுறையில் சிம்பல் எல்லாம் மணலைக் கொட்டுகிற மாதிரி ஆகிவிடும். டால்பி (கேசட் இரைச்சலைக் குறைக்கும் முறை) போட்டுப் பதிந்ததை டால்பி இல்லாமல் ஓட்டி நகலெடுத்திருந்தால் கூசுகிற மாதிரி கீச்சென்றிருக்கும். டால்பி இல்லாததை டால்பியோடு ஓட்டியிருந்தால் போர்வை மூடின மாதிரி மந்தம்.

வேகமும் பாருங்கள். அரை ஸ்வரம் ஏறியிருந்தால் டேப் ஏறக்குறைய 6 சதம் வேகமாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் வசதியைப் பயன்படுத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றினால் தாளம் பழைய வேகத்திலேயே நிற்கும், அது தவறு.

'டொக்' வருவது எம்பி3-யால். அந்த முறையில் ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டி வாசித்த பாட்டை இரண்டு கோப்பாக வெட்டினால் நடுவில் பள்ளம். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளை வையுங்கள். மூன்று மணி நேரக் கச்சேரி 1 ஜிபி சுற்றி வரும். பிளேயரில் கேப்லெஸ் (இடைவெளி இல்லாமல் ஓட்டுவது) இயக்கத்தில் இருக்கட்டும், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடை அணையுங்கள். ஜாம் (மனோதர்ம வாசிப்பு) உச்சத்தில் இருக்கும்போது பாட்டே அறுந்து சத்தம் மாறினால் அது வேறு: 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான், திருப்பிப் போடும் நேரத்தில் போனதை வேறொருவர் பதிவால் ஒட்டுப் போட்டிருப்பார்கள். அதற்கு மருந்து கிடையாது.

தக்கலை ரசிகன்

சவுண்ட்போர்டு பற்றிய பேச்சு சரி, ஆனா ஆடியன்ஸ் பதிவைத் தட்டிக் கழிக்காதீங்க மக்கா. கார்சியா ஒரு ஸ்வரத்தை இழுத்து நிறுத்தினதும் கூட்டம் மொத்தமா 'ஓ'ன்னு எழும்புமே, அது மிக்ஸர் கம்பியில வராது. 1984 அக்டோபர்லேர்ந்து பதிவு செய்றவங்களுக்குன்னு தனி இடமே ஒதுக்கினாங்க, மிக்ஸருக்குப் பின்னால. அதுக்கு அப்புறம் வந்த ஆடியன்ஸ் பதிவு பல அருமை. இணைய ஆவணக் காப்பகத்துல (archive.org) சவுண்ட்போர்டுகளைக் கேக்கத்தான் முடியும், இறக்க முடியாது. ஆடியன்ஸ் பதிவை இறக்கிக்கலாம்.

குடமும் வீசுகோலும்

வில்லுப்பாட்டுக்கு மேட்ரிக்ஸ்தான் சரி. காரணம், கொடையில் மைக் புலவர் வாயருகேயும் குடத்துக்குப் பக்கத்திலும்தான் இருக்கும். மிக்ஸரிலிருந்து மட்டும் எடுத்தால் வில்லின் மணிகள் மங்கிவிடும், பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவது தூரத்தில் கேட்கும், ஜனங்களின் சிரிப்பு அறவே இராது.

ரெக்கார்டர் இரண்டு. ஒன்று மிக்ஸரின் ரெக்கார்டிங் அவுட்டில். ரெக்கார்டரை 'லைன்' உள்ளீட்டுக்கு மாற்றாமல் 'மைக்'கில் விட்டால் முழுக்க உடைந்து போகும். சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சியிடம் மைக்செட் கட்டும்போதே சொல்லி வையுங்கள், ஆட்டம் தொடங்கின பிறகு ஒயரைத் தொட விடமாட்டார், விடவும் கூடாது. சார்ஜரில் போடாமல் பேட்டரியில் ஓட்டுங்கள். ஜெனரேட்டர் மாறும்போது 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' ஏறுவது அந்த வழியாகத்தான்.

இன்னொன்று மேடைக்கு நேர் எதிரே 4 மீட்டரில், ஆள் தலைக்கு மேல் ஸ்டாண்டில். மைக் இரண்டும் 17 செ.மீ. இடைவெளி, 110 பாகை விரிவு. கம்பத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கர் எதன் வாயும் மைக்கைப் பார்க்கக் கூடாது. தெருக்கோடிக் குழாயின் சத்தம் பிந்தி வந்து இரட்டையாகக் கேட்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். குடத்தின் வாயில் ஓங்கி அறையும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொட்டால் போதும். ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ லெவலை அணையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு குட அடிக்கும் புலவர் குரல் முங்கி முங்கி எழும். ஆரல்வாய்மொழிப் பக்கமானால் ஆடிக்காற்றுக்கு ஸ்பாஞ்ச் உறை போதாது, ரோம உறை வேண்டும்.

கலக்கும்போது: ஒலி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் எடுக்கும். 4 மீட்டருக்கு 12. ஆரம்பத்தில் ஒரு குட அடியைப் பார்த்து இரண்டையும் நேர்படுத்துங்கள். அதோடு விட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி விலகும், ஏனென்றால் இரண்டு ரெக்கார்டரின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்றால்கூட மணிக்கு 72 மில்லிசெகண்ட், இரட்டைக் குடம் கேட்கும். கடைசி குட அடியையும் பொருத்தி, ஒரு கோப்பை அந்த அளவுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

பார்வதிபுரத்தான்

அழிக்கல. டெக்ஸ்ட் கோப்பு திறந்து பாத்தேன், 1977 மே 8-க்கு நாலுல ரெண்டு ஒரே மூலம்தான், ஒண்ணு எம்பி3. அது மட்டும் போகுது. கொடைக்கு ரெக்கார்டர் ஒண்ணுதான் இருக்கு, மைக் வைக்கவா, மிக்ஸர்ல குடுக்கவா?

குடமும் வீசுகோலும்

மைக். 4 மீட்டர் வேண்டாம், 3-க்குக் கிட்டே போங்கள்.