ஐப்பசிக்கு முன்னால் வீட்டாரிடம் பேச வேண்டியது

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

2025 நவம்பர் கடைசியில் இலங்கையில் டித்வா புயல் வந்தபோது, நான் ரொறன்ரோவில் இருந்து நாலு நாள் அம்மாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். அங்கே கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. ஐந்தாம் நாள் பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீடு) தம்பி ஹப்புத்தளை டவுனுக்கு நடந்து வந்து "எல்லாரும் இருக்காங்க அக்கா" என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. உங்களில் பலருக்கும் இதே பாடுதான். நாடு முழுக்க 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை என்று அதிகம் பறிகொடுத்தது நம்ம மலைப்பக்கம்தான்.

புயல் என்றதும் காற்றும் கடலும்தான் மனதில் வருகின்றன. கரையோரத்துக்கு அது சரி. நம்ம பக்கத்துக்கு அது மழையாகத்தான் வந்து சேர்கிறது. விடாமல் கொட்டி, மண் ஊறி, மலை வழுக்குகிறது. கூரைத் தகரத்தின் மேல் கல் தூக்கி வைப்பது வேண்டியதுதான். ஆனால் மேலே இருந்து மண் இறங்கினால் அந்தக் கல்லால் என்ன பயன்? நேரத்தோடு வீட்டை விட்டு இறங்கத் தயாராக இருப்பதுதான் நமக்கான முன்னேற்பாடு.

எப்போது இறங்குவது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். லீவில் போனபோது அம்மாவுக்கு ஒரு வழி செய்து கொடுத்தேன். வாயும் அடியும் ஒரே அகலமான, உயரமான பால்மா டின் ஒன்றை இஸ்தோப்புக்கு (திண்ணைக்கு) முன்னால், தகரத்துத் தண்ணீர் சொட்டாத வெட்டவெளியில், ரெண்டு கல்லுக்கு நடுவே நிறுத்தினோம். காலை ஆறு மணிக்கு என் அண்ணன் மகன் பள்ளிக்கூட அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பார்த்து, கொப்பியில் எழுதிவிட்டு டின்னைக் கவிழ்ப்பான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் கணக்கு இது: ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலும் வெளியேற வேண்டியதுதான். அடிமட்டத்தில் ஏழரை, பத்து, பதினைந்து. பிள்ளைக்கு மனப்பாடம்.

டின் நிறையும் வரை காத்திருக்கவும் கூடாது. சுவரிலோ முற்றத்திலோ புது வெடிப்பு, நேற்று வரை சாத்திய கதவு இன்று இறுகுவது, கரண்ட் போஸ்ட் சாய்வது, மழை கொட்டும்போது மலையில் இருந்து வரும் பீலித் தண்ணீர் சேறாக வருவது அல்லது நின்றே போவது, இதில் எதைக் கண்டாலும் கிளம்பிவிட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அப்புறம், மனதை உறுத்தும் ஒரு விசயம். லயத்துக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டி, குசினியை (சமையலறையை) நீட்டுகிறார்கள். அந்தக் காசு நாம் அனுப்புவது. நானும் அனுப்பினேன். இப்போது அந்த குசினிச் சுவருக்கும் வெட்டிய மேட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையத்தான் இடம். தண்ணீர் வடிய இருந்த கானும் மூடிப் போச்சு. மேட்டைச் செங்குத்தாக வெட்டினால் அதன் பிடிப்பு போய்விடும், கான் இல்லையென்றால் தண்ணீர் முழுக்க மண்ணுக்குள்தான் இறங்கும். தயவுசெய்து இனி கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி கேட்காமல் கட்டக் காசு அனுப்பாதீர்கள். நம்ம ஊர்ச் சங்கத்தில் இருக்கும் பணத்தைக் கோயில் பெயின்டுக்கு முன்னால் கான் வெட்டக் கொடுப்போம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். சாமி கோபிக்காது.

அம்மாவின் பத்திரங்கள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருந்தன. அப்பாவின் மரணச் சான்றிதழில் ஒரு மூலை ஈரம் பட்டு மை கரைந்திருந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், ஈ.பி.எப். (சேமலாப நிதி) கடிதம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ரெண்டு சுற்றுப் பொலித்தீனில் போட்டு, மாத்திரை, டோர்ச், ஒரு கம்பளியோடு கதவுப் பக்கம் ஒரு பையில் மாட்டிவிட்டு வந்தேன். போட்டோ எடுத்து என் போனிலும் வைத்திருக்கிறேன்.

மண்சரிவில் புதைந்த கொஸ்லந்தை மீரியபெத்தையை மறக்க முடியுமா? 2014 அக்டோபர் 29, காலை நேரம். அந்த இடம் ஆபத்து என்று முன்பே சொல்லியிருந்தார்கள். போக வேறு இடம் இல்லாமல்தான் சனம் அங்கேயே இருந்தது. அதனால் போகிற இடத்தை இப்போதே முடிவு செய்ய வேண்டும். பள்ளிக்கூடமோ கோயிலோ எதுவானாலும், அதற்கு மேலே என்ன சரிவு இருக்கிறது என்று ஒருவர் ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும். வெளிச்சம் இருக்கும்போதே போய்விட வேண்டும், ராத்திரி மழையில் படிக்கட்டுப் பாதை ஆறாகிவிடும்.

இந்த ஞாயிறு வீட்டுக்குப் பேசும்போது ரெண்டு கேள்வி கேளுங்கள். எங்கே போவீர்கள்? நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது? தமிழ்நாட்டில் நீலகிரி மலையில் கோத்தகிரிப் பக்கம் இருக்கும் நம்ம சொந்தங்களும் தங்கள் ஆட்களிடம் கேட்கலாம். பதிலை லயம் நம்பர் போட்டு எனக்கு எழுதுங்கள். யாருமே தூக்க இல்லாத வீடுகளைத் தனியாக எடுத்து, மாதக் கடைசிக்குள் தோட்டத் தலைவருக்கு அனுப்புகிறேன்.