மறு: ‘காத்திருப்பு நேரம்’ என்ற ஒரு சொல் போதுமா?

ஐயா, குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

வலையமைப்பு நூலுக்காக நீங்கள் அனுப்பிய, வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் கோட்பாடு (கியூயிங் தியரி) பற்றிய அத்தியாய வரைவையும் சொற்பட்டியலையும் படித்தேன். சிலவற்றில் உடன்பாடு, ஒன்றில் கடுமையான மறுப்பு. உங்கள் வரிகளுக்குக் கீழேயே எழுதுகிறேன்.

> கியூயிங் தியரிக்கு ‘வரிசைக் கோட்பாடு’ என்றால் போதும்.

கணிதத்தில் ‘வரிசை’ ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது. நம் பள்ளிப் பாடநூல்களில் ஓர் அணிக்கு எத்தனை நிரை, எத்தனை நிரல் என்று சொல்வது அணியின் வரிசை. சிறியதிலிருந்து பெரியதுக்கு அடுக்கினால் ஏறுவரிசை. ஆகவே தலைப்பிலும் முதல் வரையறையிலும் ‘காத்திருப்பு வரிசைக் கோட்பாடு’ என்று முழுமையாக எழுதிவிட்டு, அதன் பிறகு ‘வரிசை’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘கியூ’ என்றே எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. ரேஷன் கடை வாசலில் அந்தச் சொல் தமிழாகிப் பல காலம் ஆகிறது.

> சர்வருக்கு ‘வழங்கி’.

கணினித் துறையில் சரி, இங்கே பொருந்தாது. வலையமைப்பில் பொதிக்கு (துண்டு துண்டாகப் போகும் தரவின் ஒரு துண்டுக்கு, அதாவது பாக்கெட்டுக்கு) சேவை செய்வது பெரும்பாலும் ஒரு கணினி அல்ல, திசைவியிலிருந்து (ரவுட்டரிலிருந்து) வெளியே போகும் இணைப்பு. ‘சேவை முனை’ என்று வைத்தால் தொலைபேசித் தடத்துக்கும் வங்கிக் கவுன்ட்டருக்கும் சேர்த்தே பொருந்தும்.

> வரிசையில் நிற்கும் நேரம், அமைப்புக்குள் இருக்கும் நேரம் இரண்டுக்கும் ‘காத்திருப்பு நேரம்’ என்றே எழுதியிருக்கிறேன். இடத்தைப் பார்த்து வாசகர் புரிந்துகொள்வார்.

என் மறுப்பு இதற்குத்தான். இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது, ஐயா. உங்கள் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 1 கோடி பிட் அனுப்பும் இணைப்பு. பொதியின் சராசரி நீளம் 10,000 பிட். ஒரு பொதியை அனுப்பச் சராசரியாக 1 மில்லிவினாடி ஆகும். வினாடிக்கு 1000 பொதிகள் போகலாம். வருகை வினாடிக்கு 500 என்றால், எம்/எம்/1 மாதிரியின்படி (வருகையும் சேவை நேரமும் தற்செயலானவை, சேவை முனை ஒன்றே) ஒரு பொதி இடையகத்தில், அதாவது அனுப்பும் முன் தங்கும் நினைவகத்தில், சராசரியாக 1 மில்லிவினாடி காத்திருக்கிறது. அனுப்பப்படும் நேரத்தையும் கூட்டினால் 2 மில்லிவினாடி. ஒன்று மற்றதைப் போல் இரு மடங்கு! வருகை 990 ஆகும்போது இவை 99, 100 என்று நெருங்கிவிடுகின்றன. நெரிசல் மிகுந்த நிலையை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கும் மாணவர் வேறுபாட்டைக் கவனிக்கவே மாட்டார். சுமை குறைந்த இணைப்பை அளக்கப் போகும் அன்றுதான் விடை பாதியாகவோ இரட்டையாகவோ வரும்.

ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. சராசரி எண்ணிக்கை என்பது வருகை வீதத்தைச் சராசரி நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. இந்த விதி வரிசையைத் தனியாக எடுத்தாலும் பொருந்தும். வரிசையும் சேவை முனையும் சேர்ந்த முழு அமைப்புக்கும் பொருந்தும். எந்த எல்லைக்குள் எண்ணுகிறோமோ அந்த எல்லைக்குரிய நேரத்தைப் போட வேண்டும், அவ்வளவுதான். 500ஐ 1 மில்லிவினாடியால் பெருக்கினால் வரிசையில் அரைப் பொதி. 2 மில்லிவினாடியால் பெருக்கினால் அமைப்பில் ஒரு பொதி. உங்கள் வரைவில் இரண்டு நேரத்துக்கும் ஒரே பெயர் இருப்பதால் வாசகர் எந்த எண்ணை எங்கே போடுவார்?

‘காத்திருப்பு நேரம்’ வரிசையில் நிற்பதற்கு மட்டும் இருக்கட்டும். வந்தது முதல் வெளியேறும் வரையிலான நேரத்துக்கு, அதாவது ஆங்கிலப் பாடநூல்களின் ‘சோஜர்ன் டைம்’ என்பதற்கு, ‘தங்குநேரம்’ என்று முன்மொழிகிறேன். ‘உறைவு நேரம்’ என்று சென்ற வாரம் ஒரு நண்பர் எழுதியிருந்தார். உறைதல் வாழ்தலையும் குறிக்கும் என்பது உண்மை. ஆனால் வலையமைப்பு பற்றிய நூலில் அதைப் பார்க்கும் வாசகர், திரை உறைந்துபோய்விட்டது என்றே நினைப்பார்.

‘மொத்த நேரம்’ என்ற இன்னொரு யோசனையையும் ஏற்க முடியவில்லை. ஒரு பொதி நான்கு திசைவிகளைக் கடந்து போகிறது. ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு தங்குநேரம் உண்டு. முனையிலிருந்து முனைவரை ஆகும் கூட்டுத்தொகைக்குத்தான் ‘மொத்த’ என்ற அடை வேண்டும். 1960களின் தொடக்கத்தில் லியனார்ட் கிளைன்ராக் எம்.ஐ.டி.யில் செய்திப் பரிமாற்ற வலைகளைக் கணக்கிட்டது இப்படித்தான்: ஒவ்வோர் இணைப்பையும் தனி வரிசையாக எடுத்து, அதன் தாமதத்தை அதில் ஓடும் போக்குவரத்தால் எடையிட்டுக் கூட்டினார். அதற்காக, ஒவ்வோர் இணைப்பிலும் செய்தியின் நீளம் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படுவதாக வைத்துக்கொண்டார். உண்மையில் நீளமான செய்தி வழி நெடுக நீளமாகத்தான் இருக்கும். துணிச்சலான பொய், ஆனால் பல வழிகள் கலக்கும் வலையில் நன்றாகவே வேலை செய்த பொய். இதற்கு நீங்கள் வைத்த ‘சார்பின்மை எடுகோள்’ அருமை.

> ஆங்கிலத்திலேயே ‘சோஜர்ன்’ குழப்பமாகத்தானே இருக்கிறது?

இருக்கிறது. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் இடையகத்தில் பொதிகள் தேங்குவதைக் கட்டுப்படுத்த 2012இல் வெளியிட்ட கோடெல் முறை, பொதி இடையகத்தில் நுழைந்ததிலிருந்து எடுக்கப்படும் வரை உள்ள நேரத்தை அளக்கிறது. அனுப்பும் நேரம் அதில் சேராது. ஆனாலும் அவர்கள் அதை ‘சோஜர்ன்’ என்றே எழுதினார்கள். தமிழில் அது காத்திருப்பு நேரம். அவர்கள் இலக்காக வைத்த 5 மில்லிவினாடியும் காத்திருப்புதான். இந்தக் குழப்பத்தை நாம் இறக்குமதி செய்யத் தேவையில்லை.

> ‘செறிவு’, ‘பயன்பாட்டு விகிதம்’ இரண்டும் ஒன்றுதானே?

செறிவு என்பது வந்து சேரும் சுமை, பயன்பாட்டு விகிதம் என்பது சேவை முனை வேலையில் இருக்கும் நேரப் பங்கு. எம்/எம்/1இல் ஒன்றுதான். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் ஏ. கே. எர்லாங் 1917இல் தந்த முதல் சூத்திரத்தில் இரண்டும் பிரிந்துவிடும். தடங்கள் எல்லாம் நிரம்பியிருந்தால் அழைப்பு இழந்துபோகும், காத்திருக்காது. ஒரே தடத்துக்கு 1 எர்லாங் செறிவு (அவர் பெயரிலேயே உள்ள அலகு, ஒரு தடத்தை இடைவிடாமல் நிரப்பும் அளவு) வந்தால் பாதி அழைப்புகள் இழப்பு. தடத்தின் பயன்பாடு அரைதான். செறிவு 1ஐத் தாண்டலாம், பயன்பாடு ஒருபோதும் தாண்டாது. இரண்டு சொற்களும் வேண்டும். (2 தடங்களுக்கு 2 எர்லாங் வந்தால் இழப்பு 40 விழுக்காடாகக் குறையும். தடங்களை ஒன்றுசேர்ப்பதன் லாபத்தைக் காட்ட இதை வரைவில் சேர்க்கலாம்.) அலகின் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம்.

பாய்சான் வருகையே (ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வரும் வருகை) இணையத்துக்குப் பொருந்தாதபோது இந்தச் சொற்கள் எதற்கு என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அமெரிக்கத் தொலைபேசி ஆய்வு நிறுவனமான பெல்கோரின் ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஈதர்நெட் அளவீடுகள் அந்தக் கருதுகோளை உலுக்கியது உண்மை. எந்தக் கால அளவில் பார்த்தாலும் போக்குவரத்து வெடித்து வெடித்தே வந்தது. ஆனால் லிட்டிலின் விதிக்குப் பாய்சான் தேவையே இல்லை. சூத்திரம் மாறும், காத்திருப்பும் தங்குநேரமும் அளக்க வேண்டியவையாகவே இருக்கும்.

உங்கள் இரண்டாம் அட்டவணையில் மூன்றாம் நிரலின் தலைப்பைத் ‘தங்குநேரம்’ என்று மாற்றினால் எண்கள் அப்படியே நிற்கும். நான்காம் நிரலில் முதல் மூன்று வரிகள் காத்திருப்பு, மற்றவை தங்குநேரம். அவற்றை ஒருமுறை மறுபடி கணக்கிட்டு அனுப்புங்கள்.