உரைத்த இடம் ஒன்று, உருக்கிய இடம் ஒன்று: உலோக அளவு பார்த்த அனுபவங்கள்

ஆய்வகப் பணியாளர், கோயம்புத்தூர்

தங்கத்தை உலையில் உருக்கி, மற்ற உலோகங்களைப் பிரித்து, எஞ்சியதை நிறுத்துப் பார்க்கும் நெருப்பாய்வைச் செய்யும் ஓர் ஆய்வகத்தில் பதினோரு ஆண்டுகள் பணிபுரிந்தேன். அங்கு எங்களிடம் வந்த வழக்குகளில் பெரும்பாலானவை ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்ற எண்ணைப் பற்றிய ஒரே கேள்வியில்தான் தொடங்கின: "அங்கே 921 காட்டியதே, நீங்கள் ஏன் 912 என்று எழுதுகிறீர்கள்?" அவற்றுள் ஒன்றை இங்கே பகிர்கிறேன்.

அறுபது வயதைக் கடந்த ஆசாரி ஒருவர், பழைய நகைகளை உருக்கிச் செய்த 140 கிராம் கட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உலோகக் கலவையைக் காட்டும், கடைவீதியில் இருந்த எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைத்துப் பார்த்து, ஆயிரத்துக்கு 921 என்ற சீட்டையும் வாங்கி வைத்திருந்தார். நாங்கள் 912 என்று அறிக்கை தந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஒன்பது புள்ளிகள் என்பது வெளியாருக்குச் சிறியதாகத் தோன்றலாம். அந்தக் கட்டியில் அது ஏறக்குறைய ஒன்றேகால் கிராம் பசும்பொன். "தம்பி, நாற்பது வருசமா உரைகல்லுல பாக்குறேன், இது 912 தங்கம் இல்ல" என்றார். அவருடைய கண்ணை நான் மதித்தேன். ஆனால் உரைகல்லும் எக்ஸ்ஆர்எஃப் கருவியும் ஒரே இடத்தைத்தான் பார்த்திருக்கின்றன என்பதை அவருக்கு எப்படி விளக்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

சொல்லிப் பயனில்லை என்பதால் செய்து காட்டினேன். கட்டியின் மேற்பரப்பை ஓரிடத்தில் அரத்தால் நன்றாக ராவிவிட்டு, அந்த இடத்தை எங்கள் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைத்தோம், 914 வந்தது. ராவாத பக்கத்தில் எங்கள் கருவியும் 920 என்றே காட்டியது. எக்ஸ் கதிர் தங்கத்துக்குள் பார்க்கும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். உருக்கிய கட்டியின் கறுப்பைப் போக்க அதைத் திராவகத்தில் காய்ச்சும்போது மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்துபோய், அந்த மெல்லிய தோலில் மட்டும் தங்கத்தின் விகிதம் கூடிவிடுகிறது. பளபளப்புக்காக அவர் செய்த வேலையே அவரை ஏமாற்றியிருந்தது.

பிறகு கட்டியை மீண்டும் மூசையில் இட்டு, வெங்காரம் தூவி, நன்றாகக் கலக்கி, உருகிய நிலையிலேயே மெல்லிய குழாயால் மாதிரி எடுத்தோம். குளிர்ந்த கட்டியின் ஒரு மூலையைத் துளையிட்டு எடுப்பதை விட இது நம்பகமானது. பழைய நகையில் பற்றாசு (பற்றவைக்கும் கலவை) சேர்ந்திருந்தால், சரியாகக் கலக்காத கட்டியில் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் இரண்டு, மூன்று புள்ளிகள் வேறுபடுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

நெருப்பாய்வை அறியாதவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1418 தரம் கூறுவதும் இந்த முறையைத்தான். மாதிரியிலிருந்து ஏறத்தாழ 250 மில்லிகிராம் வீதம் இரண்டு பங்குகளை, மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் நிறுத்து, தங்கத்தைப் போல் இரண்டரை மடங்கு தூய வெள்ளி சேர்த்து ஈயத்தாளில் பொட்டலமாகக் கட்டி, மக்னீசியாவால் செய்த கியூபெல் என்னும் சிறு கிண்ணத்தில் வைத்து, 1050 டிகிரிக்கு மேல் எரியும் உலைக்குள் தள்ளுவோம். ஈயம் ஆக்சைடாகி, செம்பு போன்ற கீழ் உலோகங்களையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிவிட, தங்கமும் வெள்ளியும் மட்டும் ஒரு மணியாக நிற்கும். அந்த மணியைச் சுத்தியால் தட்டி, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, சுருட்டி, நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சினால் வெள்ளி கரைந்துபோகும். எஞ்சுகிற பழுப்புச் சுருளைக் கழுவிச் சூடேற்றினால் அது பொன்னிறம் பெறும். அதன் எடைதான் விடை.

ஆனால் அந்த எடையும் முழு உண்மையன்று. கொஞ்சம் தங்கம் கிண்ணத்துக்குள் ஊறிப்போகும். கொஞ்சம் வெள்ளி கரையாமல் சுருளிலேயே தங்கிவிடும். ஒன்று எடையைக் குறைக்கிறது, மற்றொன்று கூட்டுகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் மாதிரிகளுக்கு அருகிலேயே, அதே உலையில், தூய்மை அறிந்த தங்கத்தையும் வைத்து, அது எவ்வளவு பிசகுகிறதோ அந்த அளவுக்கு மாதிரியின் விடையைத் திருத்துகிறோம். தொடக்கத்தில் ஒருமுறை, கழுவும் குப்பியில் யாரோ குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்திருந்ததைக் கவனிக்காமல் பயன்படுத்திவிட்டேன். தண்ணீரிலிருந்த குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து சுருள் முழுவதும் வெண்படலம் படிந்துவிட்டது. அன்றைய மாதிரிகள் அனைத்தையும் மறுபடியும் முதலிலிருந்து செய்தோம்.

ஆசாரியின் கட்டிக்கு இரண்டு பங்குகளிலும் 912.3, 912.5 என்று வந்தன. அவர் அதன் பிறகு எதுவும் பேசவில்லை.

ஹால்மார்க் மையத்தில் பணிபுரிபவர், மதுரை

மேலே எழுதியவர் நெருப்பாய்வை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு நேர்ந்ததோ அதற்கு நேர்மாறானது. 22 காரட் என்று வந்த ஒரு தொகுதி வளையல்களில் நெருப்பாய்வு 916க்கு மேலேயே காட்டியது. ஆனால் அமிலத்தில் காய்ச்சிய சுருளின் மேல் சாம்பல் நிறப் புள்ளிகள் இருந்தன. ஐயப்பட்டு அந்தச் சுருளை, தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவையான இராஜ திராவகத்தில் இட்டுப் பார்த்தோம். தங்கம் கரைந்தது, குடுவையின் அடியில் கரும்பொடி கரையாமல் நின்றது. அது பிளாட்டினம் இனத்தைச் சேர்ந்த இரிடியம் என்னும் உலோகம்.

இரிடியம் 2446 டிகிரியில்தான் உருகும். தங்கத்தோடு கலக்காமல் துகள்களாகவே உள்ளே இருக்கும். ஈயத்தோடு கிண்ணத்துக்குள் போகாது, நைட்ரிக் அமிலத்திலும் கரையாது. எனவே அது தன் எடையைத் தங்கத்தின் கணக்கிலேயே சேர்த்துவிடும். இங்கே எக்ஸ்ஆர்எஃப் கருவிதான் நமக்குத் துணை, அதுவும் அதில் இரிடியத்தையும், அதே இனத்து ருத்தீனியத்தையும் தேடும்படி அமைத்திருந்தால் மட்டுமே. தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம் என்று நான்கை மட்டும் அறிந்த கருவி, தான் கண்டவற்றின் கூட்டுத்தொகையை நூறாக்கிக் காட்டிவிடும். காணாத ஒன்று இருப்பதாக அது சொல்லாது. இரிடியம் தங்கத்தை விட அடர்த்தி மிகுந்தது என்பதால் உருக்கும்போது அடியில் தங்குகிறது. மேலிருந்து மாதிரி எடுத்திருந்தால் நாங்களும் அதைத் தவறவிட்டிருப்போம்.

எவர்சில்வர்த் தொட்டிகள் செய்பவர், திருப்பூர்

என் அனுபவம் சிறியது. 304 தரம் என்று வாங்கிய தகட்டில் செய்த தொட்டி, எட்டு மாதத்தில் பற்றவைத்த ஓரமெங்கும் துருப்பிடித்தது. விற்றவர் காந்தத்தை வைத்துக் காட்டி, ஒட்டவில்லை பாருங்கள் என்று வாதிட்டார். மாங்கனீசு மிகுந்த 202 தரத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது என்பது அன்று எனக்குத் தெரியாது. வளைத்துத் தட்டிய இடத்தில் உண்மையான 304 தகடே சற்று ஒட்டும் என்பதும் தெரியாது. ஆய்வகத்தில் பார்த்தபோது நிக்கல் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. 304 தரத்துக்குக் குறைந்தது எட்டு வேண்டும்.

அடுத்த முறை கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியை வாடகைக்கு எடுத்தேன். நிக்கலும் குரோமியமும் சரியாக இருந்தன. ஆனால் நான் கேட்டது 304எல். அதற்குக் கரிமம் 0.03 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, அந்தக் கருவியோ கரிமத்தைக் காண முடியாதது. தீப்பொறியின் ஒளியைப் பிரித்துக் கரிமத்தையும் அளக்கும் தீப்பொறி நிறமாலைமானி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் தகட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்: நான் அதைச் சிலிக்கன் கார்பைடு தாளால் தேய்த்திருந்தேன், அந்தத் தாளின் கரிமமே அளவில் ஏறிவிடுமாம்.

உணவுப்பொருள் பகுப்பாய்வாளர், ஈரோடு

நான் பார்ப்பது விழுக்காட்டை அன்று, பத்து லட்சத்தில் ஒரு பங்கை. மஞ்சளில் ஈயத்துக்கான வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். ஒரு மஞ்சள்தூள் பொட்டலத்திலிருந்து அரை கிராம் எடுத்துப் பார்த்தபோது 7 என்றும், மறுநாள் அதே பொட்டலத்தில் 19 என்றும் வந்தது. கருவியை மூன்று நாட்கள் சந்தேகித்தோம். நிறத்துக்காகக் கலந்த ஈயக் குரோமேட்டு கனமான நிறமி. தூளில் சீராகப் பரவாமல் அங்கங்கே திட்டாக நிற்கிறது. முழுப் பொட்டலத்தையும் மறுபடி அரைத்து, கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் சேர்க்கும் வேலையைப் பலமுறை செய்த பிறகுதான் எண்கள் ஒன்றையொன்று நெருங்கின. குரோமியத்தையும் சேர்த்து அளந்தோம். அணுக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்ததால், ஈயம் மண்ணிலிருந்து வந்ததன்று என்பது உறுதியாயிற்று.

குடிநீரில் பார்ப்பது இன்னும் கடினம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 ஈயத்துக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான். ஒரு வாரம் எங்களுடைய வெற்று மாதிரியே, அதாவது எதுவும் சேர்க்காத தூய நீரே, அதில் பாதியளவு ஈயம் காட்டியது. புதிதாகச் சேர்ந்த பணியாளர் குப்பிகளை அமிலத்தில் ஊறவைக்காமல் பித்தளைக் குழாயில் அலசி வைத்திருந்தார்; பித்தளையில் கடைசலுக்கு இணங்கும்படி ஈயம் சேர்ப்பார்கள். 1956இல் பூமியின் வயதை 455 கோடி ஆண்டுகள் என்று வெளியிட்ட கிளேர் பேட்டர்சன், அதற்கு முந்தைய ஆண்டுகளைத் தன் ஆய்வகத்துத் தூசியிலும் பாத்திரங்களிலும் இருந்த ஈயத்தோடு போராடியே கழித்தார் என்பதை அந்தப் பணியாளருக்குச் சொன்னேன். அவருக்கு அதில் ஆறுதல் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆய்வகப் பணியாளர், கோயம்புத்தூர்

மதுரை நண்பர் சொன்னது சரி. இரிடியத்தைப் பற்றி நான் எழுதாமல் விட்டது என் பிழை. நாங்களும் நெருப்பாய்வுக்கு முன் எக்ஸ்ஆர்எஃப் பார்ப்பதை வழக்கமாக்கியது அத்தகைய ஒரு மாதிரியைக் கண்ட பிறகுதான்.

அந்த ஆசாரியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அறிக்கையின் அடியில் "இம்முடிவு ஒப்படைக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்" என்ற வரி இருக்கும். தப்பித்துக்கொள்ள எழுதிய வரி என்று அவர் முதலில் ஏசினார். அடுத்த தீபாவளிக்கு முன் அவர் வந்தபோது, உருகிய நிலையில் தானே எடுத்த மாதிரியை இரண்டாக வெட்டி, ஒன்றை எங்களிடம் தந்துவிட்டு, மற்றதை அரக்கு முத்திரையிட்ட உறையில் போட்டுத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.