டின்டினேபியுலேஷன்: இந்தச் சொல்லை எங்கே போடலாம்?

குழப்பவாதி:
ஆங்கிலத்தில் ஒரு சிறுகதை எழுதுகிறேன். அதில் ஒரு சாவு வீடு, தூரத்தில் மணி அடிக்கிறது. அந்த ஓசைக்குச் சொல் தேடி அகராதியைப் புரட்டியதில் 'டின்டினேபியுலேஷன்' கிடைத்தது. 'மணிகளின் ஓசை' என்றுதான் பொருள் இருந்தது. சந்தோஷமாகப் போட்டுவிட்டேன். படித்த நண்பர் சரியாக அந்த வரியில் சிரித்துவிட்டார். எங்கே தப்பு? அப்புறம், இதை எப்படி உச்சரிப்பது?

மைப்புட்டி:
பொருள் சரிதான், மணிதான் மாறிவிட்டது. இந்தச் சொல் சின்ன மணிகளுக்கானது. பல மணிகள் சேர்ந்து விடாமல் சிணுங்குகிற ஓசை. இழவு மணி அப்படியா அடிக்கும்? ஒரே பெரிய மணி, ஓர் அடி, கொஞ்சம் மௌனம், மறுபடி ஓர் அடி. அதற்கு 'டோல்' என்ற வினைச்சொல் இருக்கிறது. சாவுக்கென்றே அடிக்கும் மணியோசைக்கு 'நெல்' என்று பெயர். (வயலில் விளைவது இல்லை! எழுதும்போது முன்னால் 'கே' வரும், வாயில் வராது.) உங்கள் வரி 'த பெல் டோல்ட்' என்று மூன்றே சொல்லில் முடிந்துவிடும்.

உச்சரிப்பு: டின்-டி-னேப்-யு-லே-ஷன். அழுத்தம் 'லே'யில்.

குழப்பவாதி:
சிணுங்கல் என்று அகராதியில் எங்கேயும் இல்லையே? இது உங்கள் ரசனையா, நிஜமாகவே அப்படித்தானா?

ஒற்றுப்பிழை:
சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. லத்தீனில் 'டின்னீரே' என்றால் ஒலித்தல். அதை நம் இரட்டைக்கிளவி மாதிரி அடுக்கியதில் வந்தது 'டின்டின்னாபுலும்', அதாவது மணி. நம் 'கிண்கிணி'யும் ஓசையை அடுக்கிப் பிறந்த சொல்தானே? கிண்கிணியைச் சாவு வீட்டில் ஒலிக்கவிட்டால் தமிழிலும் சிரிப்புதான் வரும். (காதுக்குள் ஓயாமல் கேட்கும் இரைச்சலை மருத்துவர்கள் 'டினைடஸ்' என்கிறார்களே, அதுவும் இந்த டின்னீரேதான்.)

இன்னும் சந்தேகம் இருந்தால் எட்கர் ஆலன் போ எழுதிய 'த பெல்ஸ்' கவிதையைப் பாருங்கள். அவர் இறந்தபின் 1849-இல் வெளிவந்தது. நான்கு பகுதிகள். முதல் பகுதியில் பனியில் ஓடும் வண்டியின் வெள்ளி மணிகள். நீங்கள் கேட்ட சொல் அங்கேதான் வருகிறது. கடைசிப் பகுதியில் சாவைச் சொல்லும் இரும்பு மணிகள். அங்கே டோலும் நெல்லும்தான், டின்டினேபியுலேஷன் தலைகாட்டவில்லை. இந்தச் சொல்லையே போதான் உருவாக்கினார் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். அவருக்கு முன்பே அச்சில் இருக்கிறது.

குழப்பவாதி:
சரி, 'டோல்ட்' என்றே மாற்றிவிட்டேன். ஆனால் சொல்லை விட மனசில்லை. அதே கதையில் பிறகு ஓர் ஆட்டு மந்தை வருகிறது, எல்லாவற்றின் கழுத்திலும் மணி. அங்கே போடலாமா?

மைப்புட்டி:
தாராளமாக. 'த டின்டினேபியுலேஷன் ஆஃப் த பெல்ஸ்' என்று பெயர்ச்சொல்லாகவே போடுங்கள். வினையாகவும் மாற்றலாம், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கதை முழுவதற்கும் ஒரு தடவை போதும், இரண்டாவது தடவை வந்தால் அகராதி வாசனை அடிக்கும். ஒன்று கேட்கிறேன்: கதையைச் சொல்வது யார்? சின்னப் பையனாக இருந்தால் 'ஜிங்கிள்' போதும்.

குழப்பவாதி:
ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியர்.

மைப்புட்டி:
அதை முதலிலேயே சொல்லக்கூடாதா! அவர் வாயில் இரண்டு தடவை வந்தாலும் பொறுக்கலாம். சாவு வீட்டில் மட்டும் வேண்டாம்.