கண் சொட்டு மருந்துகளை எப்படி நினைவில் வைப்பது?

பெங்களூருவில் ஆப்டோமெட்ரி (கண் பரிசோதனைப் படிப்பு) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், அடுத்த வாரம் பார்மகாலஜி (மருந்தியல்) தேர்வு, கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) மருந்துகள் எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகின்றன. யாராவது வழி சொல்லுங்களேன்.

பதில்: பாத்திரம் கழுவும் தொட்டியை நினைத்துக்கொள் தம்பி. டிமோலால், டோர்சோலமைடு இரண்டும் குழாயை மூடும், அதாவது கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைக்கும். லட்டனோபிராஸ்ட், பைலோகார்பின் வடிகாலைத் திறக்கும். 'ராத்திரிக்கு ஒரே லட்டு' என்று வைத்துக்கொண்டேன், லட்டனோபிராஸ்ட் இரவில் 1 சொட்டுதான், இன்றுவரை மறக்கவில்லை.

இன்னொருவர்: டிமோலால் பக்கத்திலேயே 'இழுப்பு உண்டா?' என்று எழுதிவை. ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து. சொட்டு விட்டதும் மூக்கோரக் கண்முனையை அழுத்திப் பிடித்தால் மருந்து ரத்தத்தில் கலப்பது குறையும்.

கேட்டவர்: லட்டு ஒட்டிக்கொண்டது அக்கா! சரி, பிரிமோனிடின்?

பதில்: குழாய், வடிகால் இரண்டிலும் வேலை செய்யும். ஆனால் 2 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது, அதனால் 'பிரிமோனிடின், பிஞ்சுக்கு வேண்டாம்'.