நார்வேயில் பிரீனின் டார்பிடோக்கள் ஏன் வேலை செய்யவில்லை?

கேள்வி: 1939 அக்டோபர் 14-ல் பிரிட்டிஷ் கடற்படைத் தளமான ஸ்காபா ஃப்ளோவுக்குள் புகுந்து ‘ராயல் ஓக்’ போர்க்கப்பலை மூழ்கடித்த ஜெர்மன் நீர்மூழ்கித் தளபதி குந்தர் பிரீன், 1940 ஏப்ரலில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களையே கோட்டை விட்டார். குறி பிசகா, டார்பிடோ கோளாறா?

பதில் 1: கோளாறுதான். ஏப்ரல் 15 இரவு, நார்வேயின் ஹார்ஸ்டாட் அருகே, பிரீனின் நீர்மூழ்கியான யு-47 இரண்டு தடவையாக எட்டு டார்பிடோ விட்டது. ஒரு கப்பலுக்கும் கீறல் இல்லை. ஒன்று மட்டும் திசைமாறிப் பாறையில் வெடித்தது. நகராத இலக்கில் கணக்கு தப்ப வழி குறைவு. டார்பிடோவை உரிய ஆழத்தில் ஓட வைக்கும் ஆழக் கருவிதான் வில்லன். வெளியே இருக்கும் நீரழுத்தத்தை உள்ளறையின் காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் அது ஆழத்தை அறியும். நீர்மூழ்கி நெடுநேரம் நீருக்கடியில் கிடந்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறும். அது கசிந்து அந்த அறைக்குள் போனால், டார்பிடோ தான் மேலே இருப்பதாக ‘நினைத்து’ கீழே இறங்கும். கப்பலின் அடிவயிற்றைத் தாண்டிப் போய்விடும்.

பதில் 2: கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கும் காந்த வெடிமுனையையும் சேருங்கள். வடக்கே புவிக்காந்தப்புலம் வேறுமாதிரி. சில முன்கூட்டியே வெடித்தன, சில வெடிக்கவே இல்லை. மோதி வெடிக்கும் முனையும் சாய்வாகப் பட்டால் சந்தேகம்தான். ‘மரத்துப்பாக்கியோடு சண்டையா’ என்று பிரீன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸிடம் பொருமியது நியாயமே.

பதில் 3: ஸ்காபாவும் சுத்தமான வேலை இல்லை. முதல் மூன்றில் ஒன்றுதான் முன்முனையில் பட்டது. கப்பலில் இருந்தவர்கள் உள்ளேயே ஏதோ வெடித்ததாக எண்ணினார்கள். பின்குழாய் டார்பிடோவும் வீண். முன்குழாய்களில் மறுபடி ஏற்றி விட்ட மூன்றும் பட்ட பிறகே, சுமார் 13 நிமிடத்தில் கப்பல் கவிழ்ந்தது.