அப்பாவின் கல்லீரல் கட்டியை ஊசி விட்டுச் சுடலாம் என்கிறார்கள், செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

கோத்தகிரிக்காரன்:
அப்பாவுக்கு 64 வயது. இங்கே ஒரு தேயிலை ஃபேக்டரியில் 30 வருஷம் டிரையர் பக்கமே நின்றவர். ஹெபடைடிஸ் பி-யால் கல்லீரல் சுருங்கிவிட்டது. வாழ்நாளில் சொட்டு குடித்ததில்லை, ஆனாலும் பார்க்க வருகிறவர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு "குடிப்பாரா?" என்று கேட்காமல் போவதில்லை. ஸ்கேனில் 2.4 செ.மீ. கட்டி, ஒன்றே ஒன்று. கோயம்புத்தூர் டாக்டர், வயிற்றைக் கிழிக்க வேண்டாம், ஊசியை உள்ளே செலுத்திச் சூடு கொடுத்தே கட்டியைப் பொசுக்கிவிடலாம் என்கிறார். ஆர்.எஃப்.ஏ. (ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் சுடுவது) அல்லது மைக்ரோவேவ் (நுண்ணலையால் சுடுவது).

அப்பா கேட்டது ஒன்றுதான்: "சூட்டை ஒரேயடியாக ஏற்றினால் தூள் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்குமே, இதிலும் அப்படி ஆகாதா?" டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்கும் அதே பயம்தான். முடிந்ததும் எப்போது மலையேறலாம்?

அரவேணு அக்கா:
தம்பி, என் அம்மாவுக்கு 3 வருஷம் முன்பு ஆர்.எஃப்.ஏ. செய்தார்கள். இரண்டு தொடையிலும் பெரிய பிளாஸ்திரி மாதிரி பேட் ஒட்டினார்கள், மின்சாரம் திரும்பிப் போவதற்காம். விலாவுக்குக் கீழே ஒரு சின்னப் பொட்டு, தையல்கூட இல்லை. மறுநாள் வலது தோளில் பயங்கர வலி. "வயிற்றில் குத்தினால் தோள் ஏன் வலிக்குது?" என்று அம்மா நர்ஸிடம் சண்டை. கல்லீரலுக்கு மேலே இருக்கும் உதரவிதானம் என்ற மூச்சுத் தசை உறுத்தப்பட்டால் வலி தோளில் தெரியுமாம்.

மலையேற அவசரப்படாதீர்கள். நாங்கள் மறுநாளே கிளம்பினோம். குஞ்சப்பனை தாண்டியதும் வாந்தி, வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் இருந்தால் இரண்டு மூன்று நாள் தங்குங்கள். லேசான காய்ச்சலும் அசதியும் சில நாள் இருக்கும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சுட்ட இடம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் போன வருஷம் வேறு இடத்தில் சின்னதாக ஒன்று வந்தது. மறுபடி சுட்டார்கள். அதனால் 3 மாதத்துக்கு ஒரு ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

எக்ஸ்ரே ரூம்:
இந்த வேலையில் கூட நிற்கும் டெக்னீஷியன் நான். அப்பா கேட்டது சிரிக்கிற கேள்வியே இல்லை, முக்கியமான கேள்வி. 60 டிகிரியைத் தொட்டாலே செல் உடனடியாகச் செத்துவிடும். 100-ஐத் தாண்டினால் ஊசியை ஒட்டிய சதை கருகும். கருகிய சதை மின்சாரத்தை விடாது, சூடு வெளிப்பக்கம் பரவாமல் நின்றுவிடும். அப்பா சொன்ன தேயிலைத் தூள் கதையேதான். அதனால்தான் மெல்ல ஏற்றுவோம். சில ஊசிகளுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: கட்டியை ஒட்டிப் பெரிய ரத்தக்குழாய் போகிறதா? போனால் ஓடும் ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும், அந்த ஓரத்தில் கட்டி கொஞ்சம் சாகாமல் தப்பித்துவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் மைக்ரோவேவ் மேல். தொடை பேடும் தேவையில்லை. 3 செ.மீ.க்குள் இருக்கும் கட்டிக்கு இரண்டுமே நன்றாக வேலை செய்யும். சுற்றிலும் 5 முதல் 10 மி.மீ. நல்ல சதையையும் சேர்த்தே சுடுவோம். அதனால் ஒரு மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் அந்த இடம் பழைய கட்டியைவிடப் பெரிதாகத் தெரியும். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கோத்தகிரிக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஊசிக்குள் தண்ணீர் ஓடும் என்றதும் எழுந்து உட்கார்ந்து இரண்டு தடவை படிக்கச் சொன்னார். ஆஸ்பிரின் சாப்பிடுகிறார், யாருமே கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை போகும்போது ரத்தக்குழாய் கேள்வியை அப்பாவே கேட்கிறாராம்.